பிறர் சித்தம் புகுதல்



தத்துவ விசாரத்துக்கும் கலைகளுக்கும் உள்ள உறவைப் பற்றி ஆண்டுக்கு ஒருவர் இம்மேடையில் பேச வேண்டுமென்று இந்த அறக்கட்டளையின் சாசனம் விதிக்கிறது. கலை என்ற சொல்லை எழுதியபோது, இதை நிறுவிய பெரியவர் சங்கீதத்தையும் சிற்பத்தையும் காவியத்தையுமே மனத்திற்கொண்டிருப்பார் என்றும், சினிமாவை, அதிலும் விஞ்ஞானக் கற்பனைச் சினிமாவை, அவர் கனவிலும் எண்ணியிருக்க மாட்டார் என்றும் உங்களுள் சிலர் கருதலாம். எனக்கும் அந்த ஐயம் இருந்தது. சாசனத்தில் சினிமாவுக்கு விலக்கு ஏதும் இல்லை என்று கூட்டத் தலைவர் அவர்கள் உறுதி கூறிய பின்னரே இத்தலைப்பைத் துணிந்து எடுத்துக்கொண்டேன்.

விஞ்ஞானக் கற்பனைப் படம் என்றவுடன் விண்கலங்களும் இயந்திர மனிதர்களும் பிற கிரகவாசிகளுமே நம் கண்முன் வருவது இயல்பு. இன்று அவற்றை விட்டுவிடுகிறேன். ஒரு மனிதனின் பிரக்ஞையை மற்றொருவனுடைய பிரக்ஞையோடு இணைப்பதையும், அவ்வாறு இணைந்த வழியில் உட்சென்று அங்கே என்ன இருக்கிறது என்று பார்ப்பதையும் கதைப்பொருளாகக் கொண்ட படங்கள் சென்ற அறுபது எழுபது ஆண்டுகளில் கணிசமாக வந்திருக்கின்றன. அவற்றுள் நான் மதிக்கும் சிலவற்றையும், மதிக்காவிடினும் புறக்கணிக்க இயலாத சிலவற்றையும் வைத்துக்கொண்டு ஒரே ஒரு வினாவைத்தான் கேட்கப் போகிறேன். இன்பமோ துன்பமோ, அதை அனுபவித்தவரிடமிருந்து கழற்றி எடுத்து இன்னொருவர் தலையில் ஏற்றிவிட முடியுமானால், அதற்குப் பின் அந்த அனுபவம் யாருடைய சொத்து? மனங்களை இணைக்க முடியுமா என்பதே இப்படங்களின் வினா என்று விமரிசகர்கள் பொதுவாக எழுதிவருகிறார்கள். இணைக்க முடியும் என்பதைப் படம் தொடங்கிய பத்து நிமிடத்திலேயே எல்லா இயக்குநரும் அனுமானமாக எடுத்துக்கொண்டுவிடுகிறார்கள். நாடகம் பிறப்பதெல்லாம் உடைமைத் தகராற்றில்தான் என்பது என் கட்சி.

இவ்வினா நம் முன்னோருக்குப் புதிதன்று. சாத்தனூரில் இறந்து கிடந்த இடையனைச் சுற்றிப் பசுக்கள் கதறக் கண்டு இரங்கி, அவனுடைய உடலுள் புகுந்து திருமூலரான சிவயோகியாரை அன்று மாலையே அவ்விடையனின் மனைவி வந்து உரிமை கொண்டாடுகிறாள். அவர் மறுக்க, ஊர்ப் பெரியவர்கள் கூடி வழக்கைத் தீர்க்க வேண்டியிருக்கிறது. ஆதிசங்கரரைப் பற்றி வழங்கும் கதை இன்னும் நுட்பமானது. வாதத்தில் எதிர்நின்ற உபயபாரதி என்ற பெண்மணி இல்லறத்தின் இரகசியங்களைப் பற்றி வினாத் தொடுக்க, அதற்கு விடை தேடி அவர் அமருகன் என்னும் அரசனின் உடலில் புகுந்து வாழ்ந்து திரும்பினார் என்கிறார்கள். அரசனின் உடல் நுகர்ந்த இன்பம் துறவியின் பிரமசரியத்தைத் தீண்டுமா என்ற கேள்வியைக் கதை சொன்னவர்களே எழுப்பி, தீண்டாது என்று விடையும் கூறிவிட்டார்கள். இவ்விரு கதைகளிலும் ஓர் உடலில் ஒரு நேரத்தில் ஓர் உயிரே குடியிருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். பழைய குடி போய்விட்டது. புதிய குடி வந்திருக்கிறது. இருவரும் ஒரே வேளையில் உயிரோடிருந்து ஒரே அனுபவத்துக்கு உரிமை கேட்கும் சிக்கலை உண்டாக்குவதற்கு இருபதாம் நூற்றாண்டின் மின்சாரம் தேவைப்பட்டது.

அந்த மின்சாரத்தின் சரித்திரமே ஒரு கதை. ஹான்ஸ் பெர்கர் என்ற ஜெர்மானிய இளைஞர் இராணுவத்தில் பணியாற்றிய காலத்தில் குதிரையிலிருந்து தூக்கி எறியப்பட்டு, பீரங்கி வண்டியின் பாதையில் விழுந்து மயிரிழையில் உயிர் தப்பினார். அன்றே, வெகு தொலைவில் இருந்த அவருடைய தமக்கைக்குத் தம்பிக்கு ஏதோ தீங்கு நேர்ந்துவிட்டதென்ற திகில் காரணமின்றி எழ, அவள் வற்புறுத்தலின்பேரில் தந்தை தந்தி அடித்தார். மனத்திலிருந்து மனத்துக்கு ஏதோ ஒன்று பாய்ந்திருக்கிறது என்று நம்பிய பெர்கர், அந்த ஏதோ ஒன்றைப் பிடித்துவிட வேண்டுமென்று வாழ்நாளைச் செலவிட்டு, யேனா நகரின் மனநோய் மருத்துவமனையில் 1924ஆம் ஆண்டு மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலாகப் பதிவுசெய்தார். ஐந்து ஆண்டுகள் அதை வெளியிடாமலே வைத்திருந்து, 1929இல்தான் அச்சேற்றினார். அவர் கண்டது ஒரு வோல்ட்டின் இலட்சத்தில் சில பங்கே வலிமையுள்ள நடுக்கம்; தலையோட்டைத் தாண்டிச் சற்றுத் தூரம் போவதற்குள்ளேயே மாய்ந்துவிடக்கூடியது; தமக்கையின் திகிலுக்கு அதனால் விளக்கம் கிடைக்கவில்லை. வலிப்பு நோயாளிகளுக்கு இன்றளவும் மருத்துவமனைகளில் எடுக்கப்படும் இ.இ.ஜி. சோதனை இவ்வாறு தொலைவிலுணர்தலைத் தேடிப் போன ஒருவரின் ஏமாற்றத்திலிருந்து பிறந்தது. பின்வரும் படங்களிலெல்லாம் தலையில் மாட்டப்படும் கவசங்களும் கம்பிகளும் பெர்கரின் வழித்தோன்றல்களே.

அவற்றுள் நான் விரிவாகப் பேச விரும்புவது 1983ஆம் ஆண்டு வெளிவந்த "பிரெயின்ஸ்டார்ம்". இயக்கியவர் டக்ளஸ் ட்ரம்புல். ஸ்டான்லி குப்ரிக்கின் "2001: எ ஸ்பேஸ் ஒடிஸி"யில் விண்வெளி வீரன் ஒளிவெள்ளத்துக்குள் பாய்ந்து செல்லும் காட்சியை உருவாக்கிய தந்திரக்காட்சி நிபுணர். கதை எளியது. வட கரோலினாவிலுள்ள ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில், ஒருவர் காண்பது கேட்பது சுவைப்பது தொடுவது அனைத்தையும் ஒளிநாடாவில் பதிந்து, மற்றொருவர் அப்படியே அனுபவிக்கும்படி செய்யும் கருவியை உருவாக்குகிறார்கள். லூயிஸ் ஃப்ளெச்சர் நடித்த லில்லியன், ஓயாமல் சிகரெட் பிடிக்கும் தலைமை விஞ்ஞானி. கிறிஸ்டஃபர் வாக்கன் நடித்த மைக்கேல் அவருடைய சகா. நாட்டலி வுட் நடித்த கேரன், பெரிய கவசமாக இருந்த கருவியைத் தலையில் எளிதாக அணியும் உருவத்துக்குச் சுருக்கித்தரும் வடிவமைப்பாளர், மைக்கேலை விட்டுப் பிரியும் நிலையிலிருக்கும் மனைவி.

இப்படத்தில் ட்ரம்புல் செய்ய நினைத்ததையும் அவரால் செய்ய முடிந்ததையும் தனித்தனியே பார்க்க வேண்டும். சலனப்படம் நொடிக்கு 24 சட்டங்கள் என்ற வேகத்தில் ஓடுவது யாவரும் அறிந்ததே. அந்த வேகத்தைக் கூட்டினால் பார்ப்பவரின் உடலில் என்ன நிகழ்கிறது என்றறிய, ட்ரம்புல் பார்வையாளர் சிலரின் மூளை மின்னலைகளையும் தோலின் மின்கடத்துத் திறனையும் அளந்துகொண்டே வெவ்வேறு வேகங்களில் படத்தை ஓட்டிப் பார்த்தார். நொடிக்கு 60 சட்டங்களை எட்டும்போது அவர்களுடைய கிளர்ச்சி மிகுவதைக் கண்டு, 70 மில்லிமீட்டர்ப் படச்சுருளில் அவ்வேகத்தில் எடுத்துக் காட்டும் முறைக்கு ஷோஸ்கேன் என்று பெயரிட்டார். பெர்கரின் கருவியைப் பாத்திரங்களுக்கு மாட்டுவதற்கு முன்பே அவர் நமக்கு மாட்டிவிட்டார் என்பதை நினைத்துப் பாருங்கள். மைக்கேலும் லில்லியனும் உலவும் சாதாரண உலகத்தை 24 சட்டங்களிலும், நாடாவிலிருந்து பாயும் அனுபவத்தை 60 சட்டங்களிலும் காட்டி, பாத்திரம் துணுக்குறும் அதே கணத்தில் அரங்கத்திலிருப்பவரும் துணுக்குற வேண்டும் என்பதே அவருடைய திட்டம். கொட்டகைகளெல்லாம் புரொஜெக்டரை மாற்ற வேண்டியிருக்குமே என்று எம்.ஜி.எம். நிறுவனம் இணங்கவில்லை. ஆகவே, சாதாரணக் காட்சிகளை 35 மில்லிமீட்டரிலும், பிரக்ஞைக் காட்சிகளை 70 மில்லிமீட்டரிலும் எடுத்து, கருவி இயங்கத் தொடங்கும்போதெல்லாம் ஒடுங்கிய சட்டம் திடீரென்று இருபுறமும் அகன்று விரிய, ஒலியும் சுற்றிச் சூழுமாறு செய்வதோடு அவர் திருப்தி கொள்ள வேண்டியதாயிற்று. வீட்டுத் தொலைக்காட்சியில் பார்ப்பவர்களுக்கு இந்த விரிவு பெரும்பாலும் வெறும் விளிம்பு மாற்றமாகவே தெரியும்.

வடிவத்தைப் பற்றி இவ்வளவு சொன்னதற்குக் காரணம் உண்டு. பிறர் சித்தத்துள் புகுவதைப் படமெடுக்க முயன்றவர்கள் எல்லோரும் முதலில் தடுக்கி விழும் படி இதுதான். 1947இல் ராபர்ட் மான்ட்கமரி "லேடி இன் தி லேக்" என்ற துப்பறியும் படத்தை, ஏறக்குறைய முழுவதும், கதாநாயகனின் கண்களாகக் காமிராவை வைத்தே எடுத்தார். மற்றவர்கள் காமிராவை நோக்கிப் பேசுகிறார்கள், அடிக்கிறார்கள், முத்தமிட வருகிறார்கள். அக்காட்சிகளில் நாயகனின் முகம் கண்ணாடியில் மட்டுமே தெரிகிறது. நாயகனோடு நம்மை ஒன்றாக்க வேண்டிய இம்முறை நம்மை அவனிடமிருந்து வெகு தூரம் விலக்கிவிட்டது. கண் இருக்கும் இடத்தில் காமிராவை வைத்துவிட்டால் மனம் இருக்கும் இடத்துக்கு வந்துவிட்டதாகாது. ஒருவனுடைய முகத்தைப் பார்த்து அவனுக்காக வருந்தப் பழகிய நமக்கு, முகமற்ற பார்வை மட்டும் கிடைக்கும்போது வருந்துவதற்கு ஆள் அகப்படுவதில்லை. ட்ரம்புல் இதை உணர்ந்திருந்தார் என்றே நினைக்கிறேன். ஆகவேதான் அவர் படத்தில் மிகச் சிறந்த காட்சி மலைச்சரிவிலும் விமானத்திலும் பாய்ந்தோடும் அகன்ற திரைக் காட்சியாக இல்லாமல், நாடாவைப் பார்த்து முடித்த மைக்கேலின் முகமாக அமைந்துவிடுகிறது.

அக்காட்சி இது. கருவியைச் சோதிக்கும்போது கேரனின் தலையில் ஓடிய எண்ணங்கள் தற்செயலாக நாடாவில் பதிந்துவிடுகின்றன. அதை மைக்கேல் பார்க்கிறான். தன் மனைவிக்குத் தான் எப்படித் தென்படுகிறோம், தன் ஏளனப் புன்னகை எதிரேயிருப்பவளின் நெஞ்சில் எவ்வாறு போய்த் தைக்கிறது என்பதை, அவளுடைய கோபமாகவும் அவளுடைய அச்சமாகவுமே அவன் உணர்கிறான். பின்பு, தன் நினைவுகளைத் தானே பதிந்து, அதை அவளிடம் கொடுக்கிறான். பிரிந்தவர் கூடுகிறார்கள். இங்கே நீங்கள் கவனிக்க வேண்டிய வித்தியாசம் ஒன்றுண்டு: முதல் நாடா அவள் கொடுக்காமலே எடுக்கப்பட்டது, இரண்டாவது நாடா கொடுக்கப்பட்டது. இரண்டிலும் இருப்பது ஒரே வகைப் பொருள். ஒன்று எட்டிப் பார்த்த குற்றம், மற்றொன்று கொடை. படத்தின் எஞ்சிய பகுதியில் நிகழும் கேடுகளெல்லாம் முதல் வகையைச் சேர்ந்தவை. சகா ஒருவன் சிற்றின்ப அனுபவம் பதிந்த நாடாவின் ஒரு துண்டை முடிவின்றிச் சுழலவிட்டு அனுபவித்து, நரம்பு தளர்ந்து வீழ்கிறான். இராணுவம் வந்து கருவியைச் சித்திரவதைக்குப் பயன்படுத்தும் வழிகளை ஆராய்கிறது. அவ்வகை நாடா ஒன்றில் அறியாமல் கைவைத்த மைக்கேலின் மகன் சித்தம் கலங்கிப்போகிறான்.

லில்லியனின் மரணம் இவற்றுக்கெல்லாம் நடுநாயகமானது. இரவில் ஆராய்ச்சிக்கூடத்தில் தனியாயிருக்கும்போது மாரடைப்பு வருகிறது. உதவிக்கு ஆளில்லை என்று கண்ட அவர், வலியோடு வலியாக ஊர்ந்து சென்று, கருவியைத் தலையில் மாட்டி, நாடாவை ஓடவிட்டு, தம் சாவைப் பதிந்துகொண்டே சாகிறார். ஃப்ளெச்சரின் நடிப்பில் இக்காட்சி விஞ்ஞானியின் கடைசிக் கடமையாகவும், ஒரு பிடிவாதக்காரியின் கடைசி வெற்றியாகவும் ஒருங்கே தோன்றுகிறது. அந்த நாடா யாருடையது? நிறுவனம் தன்னுடையது என்கிறது. இராணுவம் இரகசியம் என்கிறது. மைக்கேல் தனக்கு விட்டுச்செல்லப்பட்டது என்கிறான். ஒரு மனிதப் பிறவியின் சாவு அலுவலகச் சொத்துப் பட்டியலில் ஏறுகிறது என்ற பயங்கரத்தை இவ்வளவு எளிமையாகக் காட்டிய வேறொரு படத்தை நான் அறியேன். கடைசியில் மைக்கேல் அந்த நாடாவை முழுவதும் ஓட்டிப் பார்க்கும்போது விரியும் காட்சி, வாழ்வின் கணங்கள் குமிழிகளாக மிதந்து கடப்பது வரையில் நன்றாயிருந்து, சிறகுள்ள ஒளியுருவங்கள் பறந்து வரத் தொடங்கியதும் கிறிஸ்துமஸ் வாழ்த்தட்டையின் தரத்துக்கு இறங்கிவிடுகிறது. இருபது ஆண்டு உழைத்துப் பழகிய கை, காட்ட முடியாததைக் காட்டியே தீருவேன் என்று பிடிவாதம் பிடித்ததன் விளைவு அது.

படப்பிடிப்பு முடியுந் தறுவாயில், 1981 நவம்பர் 29ஆம் நாள், நாட்டலி வுட் காட்டலினா தீவருகே கடலில் மூழ்கி இறந்தார். படத்தைக் கைவிட்டுவிடலாம் என்று ஸ்டூடியோ கருதியது. ட்ரம்புல் போராடி, காட்சிகளை மாற்றியமைத்து முடித்தார். இறந்தவரின் பதிவு எவருக்குச் சொந்தம் என்று கேட்கும் படமே அவ்வாறான ஒரு பதிவாகிவிட்டது என்பதைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதியவற்றுள் பெரும்பகுதி நல்ல ருசியோடு எழுதப்பட்டதன்று. ஆகவே நானும் அதை நீட்டவில்லை. ட்ரம்புல் அதன்பின் ஹாலிவுட்டில் கதைப்படம் எதையும் இயக்கவில்லை.

பிரெயின்ஸ்டார்ம் வெளிவந்து பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் கேத்ரின் பிக்லோ எடுத்த "ஸ்ட்ரேஞ்ச் டேஸ்" இதே கருவியைத் தெருவுக்குக் கொண்டுவந்தது. அங்கே அனுபவங்கள் கள்ளச்சந்தையில் விலைபோகின்றன. வழிப்பறி செய்து ஓடும் திருடனின் பரபரப்பைச் சோபாவில் சாய்ந்தபடி வாங்கி அனுபவிக்கலாம். அப்படத்தில் ஒரு கொலைகாரன் தன் அனுபவத்தைத் தான் கொல்லும் பெண்ணின் தலைக்குள்ளேயே பாய்ச்சி, தன் மரணத்தை அவள் அவனுடைய கண்களால், அவனுடைய களிப்போடு காணுமாறு செய்கிறான். மிகக் கொடிய காட்சி. அதை எடுத்திருக்க வேண்டுமா என்று இன்றும் வாதிடுகிறார்கள். எடுத்திருக்க வேண்டும் என்பதே என் எண்ணம். ஒருவரது கடைசி உடைமையாகிய தன் சாவின்மீதுள்ள துக்கத்தையும் அவரிடமிருந்து பறித்துவிட முடியும் என்று அது காட்டுகிறது. லில்லியன் தம் சாவைத் தாமே பதிந்துகொண்டதன் மதிப்பு அப்போதுதான் முழுமையாக விளங்குகிறது.

கென் ரஸ்ஸலின் "ஆல்டர்ட் ஸ்டேட்ஸ்" பற்றி நீண்ட நேரம் பேச வேண்டியதில்லை. ஜான் லில்லி என்ற அமெரிக்க மருத்துவர் 1954இல் வெளிச்சமும் ஓசையுமற்ற நீர்த்தொட்டியில் மிதந்து பிரக்ஞையை ஆராயத் தொடங்கியதை மூலமாகக் கொண்டு எழுந்த கதை அது. தன் சித்தத்துள் இறங்கிக்கொண்டே போனவன் ஆதிமனிதனாக உருமாறி மிருகக்காட்சிசாலையில் ஓடுகிறான் என்பது வரையில் போய்விடுகிறது. ஒரு செய்தி மட்டும் நம் விஷயத்துக்குப் பொருந்தும். நாவலையும் திரைக்கதையையும் எழுதிய பேடி சாயெஃப்ஸ்கி, தம் வசனங்களை நடிகர்கள் பேசிய விதத்தைக் கண்டு வெகுண்டு, படத்திலிருந்து தம் பெயரை எடுத்துவிட்டார். தம் மனத்தில் பிறந்த சொற்களே பிறர் வாயில் தம்முடையவை அல்லாமல் போய்விட்டன என்று ஒருவர் கருத முடியுமானால், பிறர் மூளையில் ஏறிய அனுபவத்தைப் பற்றிச் சொல்ல வேண்டுமா?

அமெரிக்கத் தத்துவாசிரியர் தாமஸ் நேகல் 1974இல் எழுதிய ஒரு கட்டுரையில், வௌவாலாயிருப்பது வௌவாலுக்கு எவ்வாறிருக்கும் என்று கேட்டார். எதிரொலியைக் கொண்டே வழியறியும் அப்பிராணியைப்போல் நானும் தலைகீழாகத் தொங்கி, இருளில் பூச்சி பிடித்து வாழ்ந்தாலும், வௌவாலாயிருப்பது எனக்கு எவ்வாறிருக்கும் என்பதைத்தான் அறிவேனேயன்றி வௌவாலுக்கு எவ்வாறிருக்கும் என்பதை அறியேன் என்பது அவருடைய வாதம். கேரனின் நாடாவைப் பார்த்த மைக்கேலுக்கும் இதுவே பொருந்தும். அவன் உணர்ந்தது கேரனின் கோபமா, கேரனின் கோபத்தை அணிந்துகொண்ட மைக்கேலின் குற்றவுணர்வா? பிரெயின்ஸ்டார்ம் இந்தக் கேள்வியின் வாசல்வரை வந்து, கணவன் மனைவி கூடிவிட்ட மகிழ்ச்சியில் திரும்பிவிடுகிறது. வாசலைத் தாண்டியவர்கள் சிரிக்கத் தெரிந்தவர்கள். 1999இல் வந்த "பீயிங் ஜான் மால்கோவிச்" படத்தில், ஒரு கட்டடத்தின் ஏழரையாவது மாடியில், குனிந்துதான் நடக்க முடியும் என்ற உயரமுள்ள அலுவலகத்தில், கோப்பு அலமாரிக்குப் பின்னால் ஒரு சிறு கதவு. அதன் வழியே நுழைந்தால் நடிகர் மால்கோவிச்சின் தலைக்குள் பதினைந்து நிமிடம் இருக்கலாம். பின்பு நியூ ஜெர்சி நெடுஞ்சாலையோரத்தில் பொத்தென்று விழலாம். கட்டணம் தலைக்கு 200 டாலர். தம் தலையைப் பிறர் வாடகைக்கு விட்டிருப்பதையறிந்து கொதித்தெழுந்த மால்கோவிச் தாமே அக்கதவுள் புகும்போது, அங்கே ஆண், பெண், பரிசாரகன், பாடகி எல்லோருக்கும் தம் முகமே இருப்பதையும், எல்லோரும் தம் பெயர் ஒன்றையே பேச்சாகப் பேசுவதையும் காண்கிறார். பிறர் உள்ளே வந்தால் உல்லாசமாயிருக்கும் இடம், உடையவர் உள்ளே வந்தால் நரகமாகிறது. தத்துவ வகுப்பில் ஒரு பருவம் முழுவதும் நடத்த வேண்டிய பாடத்தை இரண்டு நிமிடத்தில் நடத்திவிட்ட காட்சி அது.

ஜப்பானியர் இவ்விஷயத்தை அதிகத் துயரத்தோடு அணுகினார்கள். சத்தோஷி கோன் 2006இல் இயக்கிய "பாப்ரிகா"வில், நோயாளியின் கனவுள் புகுந்து சிகிச்சை செய்யும் கருவி களவு போகிறது. உரியவரைத் தவிர வேறெவரும் நுழையாதபடி காக்கும் பூட்டு அதில் இன்னும் பொருத்தப்படவில்லை என்பதே அனைத்துக் குழப்பத்துக்கும் காரணம். மமோரு ஒஷீயின் "கோஸ்ட் இன் தி ஷெல்" படத்தில் குப்பை லாரி ஓட்டும் தொழிலாளி ஒருவன் வருகிறான். பிரிந்துபோக நிற்கும் மனைவியைப் பற்றியும் சின்னஞ்சிறு மகளைப் பற்றியும் தோழனிடம் ஓயாமல் பேசுகிறான். மகளின் படத்தை எடுத்துக் காட்டுகிறான். போலீஸார் அவனைப் பிடித்து உட்காரவைத்து, உனக்கு மனைவியும் இல்லை, மகளும் இல்லை, பல்லாண்டுகளாகத் தனியறையில் வசிக்கிறாய், இந்த நினைவுகளெல்லாம் யாரோ உன் மூளையில் ஏற்றிவைத்தவை என்கிறார்கள். படத்தைப் பார்க்கிறான், அதில் குழந்தை இல்லை. அவன் அழும் அழுகை யாருடைய அழுகை என்று ஒஷீ சொல்லவில்லை. இல்லாத மகளுக்காக அழுவது பொய்யழுகையா? அன்பு மட்டும் மெய்யாயிருந்து, அன்புக்குரியவள் பொய்யாய்ப்போன அம்மனிதன் சில நிமிடங்களே திரையில் இருக்கிறான். படத்தின் துப்பாக்கிச் சண்டைகளையெல்லாம் மறந்த பின்னும் அவனை மறக்க இயலாது.

இனி, இவ்வகைப் படங்கள் யாவற்றிலும் உயர்ந்ததென்று நான் கருதும் "சோலாரிஸ்". போலந்து எழுத்தாளர் ஸ்தானிஸ்லாவ் லெம் 1961இல் எழுதிய நாவலை ஆந்திரேய் தார்க்கோவ்ஸ்கி 1972இல் படமாக்கினார். லெம்முக்குப் படம் பிடிக்கவில்லை. வேற்றுக்கிரகத்தின் அறியவொண்ணாத் தன்மையைப் பற்றி எழுதியதை வீடு, தந்தை, குற்றவுணர்வு என்று திருப்பிவிட்டார் என்பது அவருடைய குறை. இருவர் கட்சியிலும் நியாயமுண்டு. சோலாரிஸ் என்ற கிரகத்தின் பெருங்கடல் முழுவதும் சிந்திக்கும் ஒரே பொருள். அது அங்குள்ள நிலையத்தில் உறங்கும் மனிதரின் நினைவுள் புகுந்து, அவர்கள் புதைத்துவைத்ததைத் தோண்டியெடுத்து, உயிரோடு முன்னே நிறுத்துகிறது. உளவியலாளன் கெல்வினுக்கு, பத்தாண்டுக்கு முன் தற்கொலை செய்துகொண்ட மனைவி ஹாரி வருகிறாள். அவளுடைய ஆடையைக் களைய முற்படும்போது அதன் முதுகில் கயிறு பின்னியிருக்கிறதேயன்றி அவிழ்க்கும் வழியே இல்லை. கத்தரிக்கோலால் வெட்ட வேண்டியிருக்கிறது. ஆடை எங்கே திறந்தது என்பது கெல்வினின் நினைவில் இல்லை. ஆகவே கடலால் அதைச் செய்ய இயலவில்லை. ஒரு கணவன் எவ்வளவு கவனித்திருந்தான், எவ்வளவு கவனியாதிருந்தான் என்பதற்கு இதைவிடக் கொடிய சாட்சியம் வேறென்ன வேண்டும்?

முதலில் ஹாரி அவன் நினைவேயன்றி வேறில்லை. அவன் கண்ணெட்டும் தூரத்துக்கு அப்பால் அவளால் இருக்க முடியவில்லை. இடையில் வந்த உலோகக் கதவைக் கிழித்துக்கொண்டு வருகிறாள். தன் புகைப்படத்தைக் கண்டு யாரென்று கேட்டு, கண்ணாடியில் முகம் பார்த்த பின்னரே தானென்று அறிகிறாள். ஆனால் நூலகக் காட்சியில் ஒரு மாறுதல் நிகழ்கிறது. நிலையம் முப்பது நொடி எடையிழக்கவிருக்கும் வேளையில், சுவரில் தொங்கும் ப்ரூகலின் பனிக்கால வேட்டைக்காரர் ஓவியத்தை ஹாரி பார்த்துக்கொண்டிருக்கிறாள். காமிரா அவ்வோவியத்தின்மேல் நாய்களிலிருந்து மரங்களுக்கும், மரங்களிலிருந்து உறைந்த குளத்துக்கும் மெல்ல நகர்கிறது. இது கெல்வினின் நினைவன்று. அவன் அவளுக்குக் கொடுத்ததன்று. அவளே பார்த்து, அவளே கொண்ட முதல் அனுபவம் என்று அக்காட்சியை நான் வாசிக்கிறேன். அதன்பின் அவள் செய்வதெல்லாம் உடைமை பெற்ற ஒருத்தியின் செயல்கள்: திரவ ஆக்ஸிஜனைக் குடித்துச் சாக முயல்கிறாள், சாவும் கைகூடாது மீண்டெழுகிறாள், இறுதியில், அவனுக்குச் சொல்லாமல், கடிதம் ஒன்றை மட்டும் விட்டு, தன்னை அழித்துவிடுமாறு மற்ற விஞ்ஞானிகளிடம் கேட்டு மறைகிறாள். பிறருடைய நினைவாகப் பிறந்தவள் தன் முடிவைத் தானே எடுப்பதன் மூலம் தனக்கு உரியவளாகிறாள். இதற்கிடையே கெல்வினின் மூளை மின்னலைப் பதிவை எக்ஸ் கதிர்களில் ஏற்றிக் கடலுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அதைப் பெற்ற பின் கடல் ஆட்களை அனுப்புவதை நிறுத்திவிடுகிறது. திருடி எடுத்துக்கொண்டிருந்த கடலுக்கு மனிதன் தானாகவே கொடுத்தான், திருட்டு நின்றது. பெர்கர் இருந்திருந்தால் இக்காட்சியில் மகிழ்ந்திருப்பார்.

கற்பனையை இவ்வளவு பேசிவிட்டு நடப்பைச் சொல்லாமல் விடலாகாது. 2011இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் ஜாக் கேலண்டின் குழுவினர், எம்.ஆர்.ஐ. கருவிக்குள் மணிக்கணக்கில் படுத்துத் திரைப்பட முன்னோட்டங்களைப் பார்த்தவர்களின் மூளை இரத்த ஓட்டத்திலிருந்து, அவர்கள் கண்ட காட்சியை மங்கலாக மீட்டெடுத்தார்கள். மூளையிலிருந்து படத்தை உருவியெடுத்துவிட்டார்கள் என்று பத்திரிகைகள் முழங்கின. நடந்தது அதுவன்று. யூட்யூபிலிருந்து எடுத்த ஒரு கோடியே எண்பது இலட்சம் நொடிக் காட்சிகளுள் எவை அந்த மூளைச் செயலுக்கு மிக நெருக்கமானவையோ அவற்றில் நூறைப் பொறுக்கி, சராசரியாக்கிக் காட்டினார்கள். திரையில் தெரிந்த ஆவியுருவம் முன்பின் தெரியாத நூறு பேருடைய படங்களின் கலவை. 2013இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இந்திய வம்சாவளியினரான ராஜேஷ் ராவ், வளாகத்தின் ஒரு கோடியில் இ.இ.ஜி. தொப்பி அணிந்து, கணினி விளையாட்டில் பீரங்கியைச் சுட வலக்கையை அசைப்பதாக மனத்தில் நினைக்க, மறுகோடியில் காந்தச் சுருள் மாட்டியிருந்த சகா ஆந்திரேயா ஸ்டோக்கோவின் கை அசைந்து விசைப்பலகையை அழுத்தியது. பாய்ந்தது அவ்வளவே: சுடு என்ற ஒரு சைகை. ராவின் உள்ளத்தில் அப்போது இருந்த ஆவலோ பதற்றமோ ஸ்டோக்கோவுக்குத் தெரியவில்லை.

இவ்வளவு சிறிது என்று அலட்சியப்படுத்தும் உரிமை நமக்கில்லை. விஞ்ஞானம் சிறிதளவே அறிந்த நிலையிலேயே சட்டம் அதைப் பெரிதாக நம்பத் துணிந்த வரலாறு நம் நாட்டிலேயே உண்டு. குற்றத்தைத் தன்மை ஒருமையில் கூறும் வாக்கியங்களைச் சந்தேக நபரின் காதில் ஒலிக்கவிட்டு, அவர் வாய் திறவாமலிருக்க, அவருடைய மூளை மின்னலைகளைக் கொண்டே அவர் அதை நேரில் அனுபவித்தவரா, கேள்வியால் மட்டும் அறிந்தவரா என்று பகுத்துவிடலாம் என்று கூறும் சோதனை முறை இந்தியாவில் உருவானது. 2008இல் புனேயில் ஒரு நீதிமன்றம் ஒரு பெண்ணைக் கொலைக் குற்றவாளி எனத் தீர்ப்பளித்தபோது அச்சோதனையின் முடிவையும் சான்றுகளுள் ஒன்றாகக் கொண்டது. அனுபவத்துக்கு உடையவர் யாரென்று எவராலும் சொல்ல முடியாது எனத் திரைப்படங்கள் திகைத்து நின்ற இடத்தில், ஒரு வரைபடம் தயங்காமல் பெயரைச் சொல்லிவிட்டது.

2010 மே 5ஆம் நாள், செல்வி எதிர் கர்நாடக அரசு என்ற வழக்கில், மயக்கமருந்து விசாரணையும், பொய்யறி கருவிச் சோதனையும், மூளை மின்செயல் சோதனையும் எவர்மீதும் அவர் இசைவின்றி நடத்தப்படலாகாது என்று நம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தனக்கெதிராகத் தானே சாட்சி கூறக் கட்டாயப்படுத்தப்படாத உரிமையையும் அந்தரங்க உரிமையையும் அது ஆதாரமாகக் கொண்டது. தென் அமெரிக்காவில் சிலி நாடு 2021இல் மூளையின் செயலையும் அதிலிருந்து பெறப்படும் தகவலையும் காக்கும் வாசகத்தைத் தன் அரசியலமைப்பிலேயே சேர்த்தது; கடைகளில் விற்கும் இ.இ.ஜி. தலைப்பட்டை ஒன்றின் வழியே சேகரித்த முன்னாள் செனட்டர் ஒருவரின் மூளைத் தகவலை அழித்துவிடுமாறு 2023இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஓர் அமெரிக்க நிறுவனத்துக்குக் கட்டளையிட்டது. நம் அரசியலமைப்பில் அத்தகைய வாசகம் இல்லை. மூளைச் சோதனையைக் குறித்து நமக்கிருப்பது செல்வி வழக்கின் தீர்ப்பு. அது குற்ற விசாரணைக்கு வேலி கட்டியதே தவிர, சந்தைக்குக் கட்டவில்லை. இச்சபையில் சட்டம் பயிலும் மாணவர்களும் இருப்பதாகத் தலைவர் அவர்கள் கூறினார்கள். அவர்களிடம் என் வேண்டுகோள் இது: செல்வி வழக்கின் தீர்ப்பை முதலில் முழுவதும் படியுங்கள்; அது நீண்டது, ஆனால் தெளிவாக எழுதப்பட்டது. அதன் பிறகு பிரெயின்ஸ்டார்மையும் சோலாரிஸையும் பாருங்கள். தீர்ப்பு எந்த இடத்தோடு நின்றுவிடுகிறது என்பது விளங்கும், அந்த இடத்திலிருந்து மேலே வரைய வேண்டியவர்கள் நீங்கள்தான்.